வெறும் கரியர்

கேதீஸ்வரியின் சைக்கிளுக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பத்தொன்பது வருசத்தில் அதன் கரியர் ஏற்றாத சாமான் மட்டக்களப்பில் இல்லை. விடியப்புறம் இடியப்பப் பெட்டி, அமிர்தகழியிலிருந்து புளியந்தீவுச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மூன்று நடை. வெயில் ஏறினால் அரிசி மூட்டை. மத்தியானம் தேங்காய்ச் சாக்கு. கல்லடியில் மகளுக்கு வீடு கட்டின காலத்தில் ஒரு முழுக் கதவையே கரியரில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். நடுப்பாலத்தில் வாவிக் காற்று கதவைப் பாய்மரம்போலப் பிடித்துக்கொண்டது. பெடல் மிதிக்காமலே கல்லடிக் கரையில் போய் இறங்கினவள் இவள் ஒருத்திதான் என்று பூங்காவில் கச்சான் கடலை விற்கும் றபீக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கரியர் வெறுமையாக இருப்பது நாளுக்கு ஒரேயொரு மணித்தியாலம். பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. அந்த மணித்தியாலத்தில் அவள் வாவியோரப் பூங்காவின் சுற்றுப்பாதையில் இருப்பாள்.

எண்ணூறு மீற்றர் தார்ப்பாதை, எட்டடி அகலம். ஒரு பக்கம் வாவிக் கட்டு, மறுபக்கம் புல். குழியில்லை, பஸ்ஸில்லை, மாடில்லை. தரையில் தீட்டின வெள்ளை அம்புக்குறிகள் எல்லாரையும் இடப்பக்கமாகச் சுற்றச் சொல்லும். நடுவில் ஓர் அரசமரம், அதன் அடியில் பூங்காவுக்கு மூத்த பிள்ளையார். பூங்கா கட்ட வந்தவர்கள் அவரை எழுப்பப் பயந்து, அவரைச் சுற்றியே பாதையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பின்னேரமானால் பாதி ஊர் அங்கேதான். கையை வீசி நடக்கும் சீனி வருத்தக்காரர், நடக்க வந்து போனில் கதைத்துக்கொண்டு நிற்பவர்கள், பந்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடும் தாய்மார், ஓர் ஐஸ்கிறீமை இரண்டு பேராக அரை மணித்தியாலம் தின்னும் காதலர். இத்தனை பேருக்கும் ஊடாகக் கேதீஸ்வரி போவதைப் பார்க்க வேண்டும். கிளிங், கிளிங். விடியப்புறங்களில் கடைக் கதவுகளைத் திறக்கவைத்த அந்த மணியை ஊருக்கே தெரியும். சத்தம் கேட்டதும் கூட்டம் உச்சி வகிடெடுத்த மாதிரி இரண்டாகப் பிரியும். சுமையில்லாத சைக்கிள் அந்த வகிட்டுக்குள்ளால் பறக்கும். வாவிக் காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே போகும். நாற்பத்தாறு வயதுக்காரி அந்த நேரத்தில் யாருக்கும் அம்மாவுமில்லை, மாமியுமில்லை, இடியப்பமுமில்லை.

இந்தச் சந்தோசத்துக்குள்தான் பேரவை வந்து சேர்ந்தது.

பேரவையின் முழுப் பெயர் மட்டுமாநகர் வாவியோர மிதிவண்டி வீரர் ஆற்றல் மேம்பாட்டுப் பேரவை. உறுப்பினர் பன்னிரண்டு பேர், பதவியும் பன்னிரண்டு. ஆகக் கடைசியாகச் சேர்ந்த விதுஷனுக்குக் கொடுக்கப் பதவி எதுவும் மிஞ்சாமல், 'உதவிப் பொருளாளரின் பதில் கடமையாளர்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தலைவர் இராசதுரை. ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர். எந்தத் திணைக்களத்தில் என்று கேட்டால் மனம் நொந்துபோவார். கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். அதோடு அவர் தங்கள் குடிக்கோயிலின் வண்ணக்கர். திருவிழாவில் முதல் மாலை யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று பார்க்கிற நிர்வாகப் பதவி அது. அந்தப் பழக்கத்தை அவர் சைக்கிளிலும் விடவில்லை. பாதையில் அவர்தான் முன்னுக்கு. அவருக்குப் பின்னால் செயலாளர் நிலோஜன். அப்படியே பதவி ஒழுங்கில் விதுஷன் வரைக்கும்.

அவருடைய சைக்கிள் கனடா மருமகன் அனுப்பினது. ஒரு விரலால் தூக்கலாம். தூக்கியும் காட்டுவார், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். பாரம் குறைய வேண்டுமென்று அதிலிருந்த மணியைக் கழற்றினார், ஐம்பது கிராம் குறைந்தது. மற்றப் பதினொரு பேரும் அன்றைக்கே கழற்றினார்கள். அன்றிரவு தலைவர் வீட்டு விருந்தில் அவர் மூன்றாவது தட்டுப் புரியாணிக்குக் கை நீட்டினதைப் பற்றி யாரும் கிராமில் பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கேதீஸ்வரி அவரை முந்திவிட்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. கிளிங் என்றாள், வழி கிடைத்தது, போனாள். இறப்பர்ச் செருப்பு, பின்னிவிட்ட கூந்தல், வெறும் கரியர். அவர் உடம்போடு ஒட்டின காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, மார்பில் 'தலைவர்' என்று அச்சடித்த பெனியனோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதோடு முடிந்திருக்கும். றபீக்காவின் வாய் சும்மா கிடக்கவில்லை.

"சேர், பின்னால வந்து தள்ளி உடட்டா?"

வாவிக் கட்டில் குந்தியிருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள்.

அன்றிரவே இராசதுரை கடிதம் எழுத உட்கார்ந்தார். நாற்பது வருசம் கடிதம் எழுதிப் பழகின கை. மூன்று பக்கம், பதினான்கு நிபந்தனை. பூங்கா அலுவலகத்தில் அதை முழுதாக வாசிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. சம்மதித்துவிட்டால் மறுபடி வாசிக்கத் தேவையில்லையே என்று சம்மதித்துவிட்டார்கள்.

கேதீஸ்வரிக்கு விசயம் தெரிந்தது வாசலில். காவலாளர் முகைதீன்பாவா புதிதாக ஒரு பலகையைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா இது?"

"கடுதாசி வந்திரிக்கி தங்கச்சி. வாசிச்சா மூச்சு வாங்கும், நான் சுருக்கிச் சொல்றன். அடுத்த மாசம் தொட்டு அஞ்சரைக்கும் ஆறரைக்கும் இடையில இந்தப் பாதையில சைக்கிள் ஓட அட்ட வேணும்."

"சைக்கிள் ஓட அட்டையா?"

"மத்த நேரம் அட்ட தேவல்ல. விடிய நாலு மணிக்கே வாசல் தொறப்பன். நீ வரலாம்."

"நாலு மணிக்கு நான் இடியப்பம் புழியிறன் காக்கா."

"அதுதான் பிரச்சின." ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "வாற ஞாயிறு போட்டி. ஏழு சுத்து. ஆரும் ஓடலாமாம். முதல் வாற பன்னிரண்டு பேருக்கு அட்ட."

"அவங்க எத்தின பேர்?"

முகைதீன்பாவா கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"பன்னிரண்டு."

கேதீஸ்வரி சைக்கிளின் இருக்கையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். உள்ளே கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தனை முந்தினால் போதும். பன்னிரண்டு பேரில் ஒரேயொருத்தனை. அது முடியாவிட்டால் இந்தக் கரியர் இனிச் சாகும்வரைக்கும் சுமைதான்.

"பேர எழுதுங்க காக்கா" என்றாள்.

பெயர் எழுதுவது நிலோஜனின் வேலையாம். அவன் போனைத் திறந்து ஒரு படிவத்தை நிரப்பினான்.

"அக்கா, அணியின்ட பேர்?"

"அமிர்தகழி."

"சைக்கிள்ட எடை?"

"எடை பாக்கல்ல தம்பி. கதவ ஏத்தினாத் தாங்கும்."

"ஹெல்மட் கட்டாயம். ஒன்பதாம் நிபந்தனை."

"இரிக்கு" என்றாள். மருமகனின் மோட்டர்சைக்கிள் ஹெல்மட். மேசையில் வைத்தால் தண்ணீர்க் குடம் மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பிரதம விருந்தினருக்கு மாலை போட்டு, அவர் தலைவருக்குப் பொன்னாடை போட்டு, தலைவர் அவருக்குத் திருப்பிப் போட்டு முடிய ஐந்தே முக்கால். பன்னிரண்டு பதவிக்கும் பன்னிரண்டு உரை. உப தலைவர் 'இறுதியாக' என்று நாலு தடவை சொன்னார். பந்தல் மூலையில் சுருட்டிக் கட்டின ஒரு பதாகை சாத்தியிருந்தது. காற்றில் அதன் ஒரு முனை அவிழ்ந்து, 'முதலிடம் பெற்ற எமது தலைவருக்கு' என்ற வரை தெரிந்தது. நிலோஜன் ஓடிப்போய் மறுபடி சுருட்டினான்.

பூங்காவை மூடவில்லை. பொதுமக்கள் வழமைபோல நடக்கலாம் என்பது ஐந்தாம் நிபந்தனை. ஆறாம் நிபந்தனை அதைவிடக் கண்டிப்பு. கூட்டம் உள்ள பாதையானபடியால், ஓடுகிறவரை முந்த விரும்புகிறவர் மணி அடித்துத்தான் முந்த வேண்டும், தவறினால் நீக்கப்படுவார். நடுவர் முகைதீன்பாவா. பிளாஸ்ரிக் கதிரையில் கடிதத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். பூங்காவிலேயே அதை முழுவதும் வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

வீரர்கள் பதவி ஒழுங்கில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். முன்னுக்கு இராசதுரை, பந்தலுக்கு நேரே, போட்டோவுக்கு வசதியாக. பின்னால் நிலோஜன். பன்னிரண்டாவது விதுஷன். அவனுக்கும் பின்னால், கழிவறையின் மணம் தொடங்குகிற இடத்தில், குடம்போன்ற ஹெல்மட்டுக்குள் கேதீஸ்வரி. அவளுக்குத் தன் மூச்சுத்தான் பெரிதாகக் கேட்டது.

பிரதம விருந்தினர் கொடியைக் கையில் எடுத்தார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு விழா இருந்தது.

"நில்லுங்க!"

தலைவரின் மனைவி வசந்தாதேவி. கையில் அர்ச்சனைத் தட்டோடு புல்லைக் குறுக்கே வெட்டி வந்தாள்.

"இஞ்ச பாருங்க, என்ன கூத்து இது? தேங்கா ஒடச்சு, கற்பூரம் காட்டிப்போட்டு, பிள்ளையார இடம் சுத்தப் போறீங்களா?"

"அம்புக்குறி அப்பிடித்தானே வசந்தா போட்டிரிக்கு."

"அம்புக்குறி போட்டவனா கோயில் வண்ணக்கர்? நீங்கதானே வண்ணக்கர்! அந்தா வீடியோ எடுக்கிறான். கனடாவில சம்மந்தி பாத்தா என்ன சொல்லுவா? வலமாச் சுத்தத் தெரியாதவருக்கு ஒரு கோயில் எண்டு சொல்லமாட்டாவா?"

இராசதுரை வீடியோ எடுப்பவனைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். சும்மா ஓடுகிறபோது இத்தனை நாள் இடம் சுற்றினது வேறு. இது கற்பூரம் காட்டித் தொடங்குகிற காரியம். அவர் கையை உயர்த்தி, நாற்பது வருச அதிகாரத்தை ஒரே சொல்லில் திரட்டினார்.

"கிறுகுங்க! எல்லாரும் கிறுகுங்க!"

பன்னிரண்டு சைக்கிளும் நின்ற இடத்திலேயே எதிர்ப்பக்கம் கிறுகின. கேதீஸ்வரியும் கிறுகினாள். கிறுகி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஒருவருமில்லை. வெறும் பாதை, வாவி, ஒரு ஐஸ்கிறீம் வண்டி.

இராசதுரைக்கும் அப்போதுதான் விளங்கியது. அவருக்கு முன்னால் நிலோஜனின் முதுகு. அதற்கு முன்னால் இன்னும் பத்து முதுகு. எல்லாருக்கும் முன்னால், அந்தத் தொங்கலில் ஒரு குடம்.

"ஒரு நிமிசம், ஒழுங்க மாத்த வேணும்..." என்று அவர் தொடங்கினார்.

பிரதம விருந்தினர் கொடியை இறக்கிவிட்டார். இறக்கின கையோடு வாகனத்திலும் ஏறிவிட்டார்.

கேதீஸ்வரி மிதித்தாள்.

அம்புக்குறிகள் எதிர்த் திசையில் ஓடிவந்தன. தினமும் முதுகுகளைப் பார்த்துப் போன பாதையில் இன்றைக்கு முகங்கள் வந்தன. கிளிங், கிளிங். முகங்கள் ஆச்சரியப்பட்டு விலகின. "இடியப்பக்கா முன்னுக்கு வாறா!" என்று யாரோ கத்தினார்கள். சீனி வருத்தக்காரர் ஒருவர் நடையை நிறுத்திக் கைதட்டினார். முதலாம் சுற்று. முகைதீன்பாவா ஒரு விரலைக் காட்டினார்.

இரண்டாம் சுற்றில் விதுஷன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, கொஞ்சம் விலகுங்களன்!"

"மணி அடி, விலகுறன்!"

"மணி இல்லியே அக்கா!"

"அப்ப காத்து வாங்கிட்டு வா தம்பி!"

மூன்றாம் சுற்றில் உப தலைவர் தன் வாயாலேயே "கிளிங் கிளிங்" என்று கத்திக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். முகைதீன்பாவா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"வாய் மணியில்ல! முதலாவது எச்சரிக்க!"

உப தலைவர் மறுபடி வரிசைக்குள் ஒடுங்கினார். அதற்குள் இந்தச் சங்கதி பூங்கா முழுக்கப் பரவிவிட்டது. பதின்மூன்று பேர் ஓடுகிறார்கள், பன்னிரண்டு பேருக்கு மணியில்லை. பந்து விளையாடின பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு வாவிக் கட்டில் ஏறி நின்று, ஒவ்வொரு வீரனும் கடக்கும்போது "மணி எங்க, மணி எங்க?" என்று கூட்டமாகக் கேட்டார்கள்.

வளைவில் கேதீஸ்வரி ஒரு தடவை பக்கத்தில் கண்ணோட்டினாள். புல்வெளிக்கு அப்பால், வரிசையின் வால் தெரிந்தது. தலைவரின் குரல் காற்றில் வந்தது.

"நிலோஜன், விலகு! நான் முன்னுக்குப் போகவேணும்!"

"மணி இல்லாம ஏலா சேர்! ஆறாம் நிபந்தன! நீங்கதானே எழுதினீங்க!"

நிலோஜன் பன்னிரண்டாவது ஆளாக ஓடிக்கொண்டிருந்தான். அட்டையும் பன்னிரண்டு. கெட்டிக்காரப் பொடியன், அவசரப்படவில்லை.

நாலு. ஐந்து. கேதீஸ்வரியின் தொடை எரிந்தது. ஆனாலும் அரிசி மூட்டையோடு எரிந்த எரிவு இதைவிடப் பெரிது. ஹெல்மட்டுக்குள் அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தான் சிரிக்கிறது அவளுக்கே கேட்டது. ஆறாம் சுற்றின் பாதியில், றபீக்காவின் கச்சான் வண்டிக்கு நேரே, பெடல் திடீரென்று பஞ்சாகிவிட்டது. கறக் என்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்கியது.

குதித்து இறங்கினாள். விதுஷன் ஒரு கணம் தயங்கினான்.

"போ தம்பி, நிக்கிற சைக்கிளக் கடக்க மணி தேவல்ல" என்று அவளே சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

ஸ்... ஸ்... ஸ்... என்று ஒவ்வொன்றாகக் கடந்தன. பத்து, பதினொன்று. கடைசியாக இராசதுரை. கடக்கும்போது கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். செயினைப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி இறக்கிவிட்டார், பெரிய மனிதரல்லவா. அவர் இப்போது பன்னிரண்டு. அவள் பதின்மூன்று.

"என்னகா பாத்துட்டு நிக்கிறா!" றபீக்கா கச்சான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின் சில்லைத் தூக்கிப் பிடித்தாள். "சுறுக்கா மாட்டு!"

"கை நடுங்குது ராத்தா."

"கை நடுங்கினா இடியப்பம் எப்பிடிப் புழிவா? மாட்டு!"

ஒரு பல்லில் பிடித்தது, வழுக்கியது. மறுபடி பிடித்தது. றபீக்கா பெடலைச் சுற்றினாள். செயின் கடகடவென்று ஏறி உட்கார்ந்தது. கேதீஸ்வரியின் விரலெல்லாம் கறுப்பு.

"ஓடுகா, ஓடு!"

ஓடினாள். பந்தலைக் கடந்தபோது முகைதீன்பாவா ஆறு விரலைக் காட்டினார். முகத்தில் கவலை. முன்னால் அவர்கள் இல்லை. அரைச் சுற்றுத் தூரத்தில் பெனியன்களின் நிறம் மட்டும் அசைந்தது.

இராசதுரை அப்போது சும்மா இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு பன்னிரண்டாவதாகப் போயிருந்தால் அட்டை அவர் சட்டைப் பைக்குள் இருந்திருக்கும். ஆனால் தலைவர் பன்னிரண்டாவதாக வருவதா? பதாகையில் என்ன எழுதியிருக்கிறது? ஏழாம் சுற்றைத் தொடங்குகிறபோதே அவர் பந்தலைப் பார்த்து, "வசந்தா! மணி! மணியத் தா!" என்று கத்தியிருந்தார். வசந்தாதேவி கையில் கிடைத்ததைக் கொடுத்தாள். அர்ச்சனைத் தட்டிலிருந்த பூசை மணி. நல்ல கனதியான பித்தளை, ஐம்பது கிராமைப்போல இருபது மடங்கு.

முகைதீன்பாவா கடிதத்தைப் பார்த்தார். "மணிதான். அடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

தலைவர் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து, மறுகையால் மணியை ஆட்டினார். கணகணகணவென்று அந்தச் சத்தம் வாவியில் பட்டுத் திரும்பியது.

சைக்கிள் மணி கேட்டால் கூட்டம் விலகும். பூசை மணி கேட்டால் மட்டக்களப்பில் கூட்டம் கூடும்.

வாவிக் கட்டில் குந்தியிருந்தவர்கள் எழும்பினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கைவீசி நடந்தவர்கள் கையைக் குவித்தார்கள். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, "சாமி வருகுதாக்கும், வா, வா" என்று பாதையின் நடுவுக்கு வந்தார்கள். நிலோஜனும் மற்றவர்களும் அந்த இடத்தை ஏற்கெனவே கடந்துபோயிருந்தார்கள். கூட்டம் மூடிக்கொண்டது தலைவருக்கு முன்னால் மட்டும். அவர் வழி விடச் சொல்லி இன்னும் பலமாக மணியை ஆட்டினார். இன்னும் கொஞ்சப் பேர் வந்தார்கள்.

"விலகுங்க! நான் போட்டியில ஓடுறன்!"

"இவர் நம்மட வண்ணக்கரல்லோ?" என்றார் ஒரு கிழவர். "ஐயா, திருநீறு?"

அதற்குள் வசந்தாதேவி, சனம் கூடினதைக் கண்டு, தட்டோடு பந்தலிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். எண்ணூறு மீற்றரைச் சுற்றி வருகிறவருக்குத்தான் அது தூரம், புல்லைக் குறுக்கே வெட்டினால் கூப்பிடு தூரம்.

"குடுங்க, கேக்கிறாங்கல்லோ. இல்லெண்டு சொன்னா நல்லாவா இரிக்கும்?"

கேதீஸ்வரி வளைவில் திரும்பியபோது கண்ட காட்சி இதுதான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, கனடாச் சைக்கிளைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இராசதுரை வரிசையில் நின்ற சனத்துக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று. இருநூறு மீற்றர் மிச்சம்.

அவள் கட்டைவிரலை மணியில் வைத்தாள்.

கிளிங், கிளிங், கிளிங்!

கூட்டம் பழக்கதோசத்தில் உச்சி வகிடெடுத்தது. குவித்த கைகளோடு இரண்டு பக்கமும் விலகி நின்ற சனத்துக்கு நடுவால், எண்ணெய்க் கையும் குடத்தலையுமாகக் கேதீஸ்வரி போனாள். போகிற போக்கில் ஒரு கிழவி அவளையும் கும்பிட்டாள்.

"சேர், மணி அடிச்சிட்டன்!"

திருநீற்றுத் தட்டு தரையில் விழுந்த சத்தம் பின்னால் கேட்டது. அவர் ஏறிவிட்டார், மிதிக்கிறார். அந்தச் சைக்கிள் உண்மையிலேயே வேகமானது. பின்னால் டயரின் சீறல் நெருங்கியது. கேதீஸ்வரி இருக்கையை விட்டு எழும்பி நின்று மிதித்தாள். கதவோடு பாலம் கடந்த கால். நூறு மீற்றர். சீறல் இடக்காதுக்குப் பக்கத்தில் வந்தது. அவர் முந்த வேண்டும், முந்த மணி வேண்டும். மணி எங்கே?

திருநீறு கொடுக்கத் தொடங்கினபோது அதைத் தட்டில் வைத்திருந்தார். தட்டு தரையில். மணி புல்லில்.

"கிளிங்!" என்று இராசதுரை வாயால் கத்தினார்.

"வாய் மணியில்ல!" என்று முகைதீன்பாவாவோடு சேர்ந்து பூங்காவே கத்தியது.

கேதீஸ்வரி பந்தலைக் கடந்தாள். புல்லில் போய் விழுந்தாள், சைக்கிளோடு. றபீக்கா வந்து அவள்மேல் விழுந்தாள். முகைதீன்பாவா பன்னிரண்டாவது அட்டையில் அவள் பெயரை எழுதி, கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பதாகையை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நிலோஜன் அதைத் தோளில் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அட்டை நடைமுறைக்கு வந்த முதல் நாள், ஐந்தரைக்கு வாசலில் ஒரு சிறு நெரிசல். இராசதுரை முழு அலங்காரத்தோடு நின்றார்.

"அட்ட, சேர்?" என்றார் முகைதீன்பாவா.

"நான்தான் இந்தக் கடிதத்த எழுதினவன்!"

"தெரியும் சேர். நல்லா எழுதியிரிக்கீங்க. ஓட்டையே இல்ல."

"ஒரு வழியும் இல்லியா?"

முகைதீன்பாவா கடிதத்தை விரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, விரலால் வரிவரியாக இறங்கினார். பதினோராம் நிபந்தனையில் விரல் நின்றது. "அட்ட உள்ளவர்ட சைக்கிள்ல பின்னால ஏத்திட்டுப் போற ஆளுக்கு அட்ட தேவல்ல. அப்பிடித்தான் எழுதியிரிக்கீங்க."

பேரவையின் சைக்கிள்களில் எதிலும் கரியர் இல்லை. பாரம் என்று கழற்றியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கேதீஸ்வரி அப்போதுதான் வந்து, அட்டையைக் காட்டிவிட்டு, பெடலில் ஒரு காலை வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கரியர், துடைத்து வெறுமையாக.

இராசதுரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வாயைத் திறந்தார். வாயால் கேட்க மனமில்லாமல் பிரதிப் பணிப்பாளர் கண்ணால் கரியரைக் காட்டினார்.

கேதீஸ்வரிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த மணித்தியாலம் அதுக்கு லீவு சேர்" என்றாள். "விடிய நாலரைக்கு வாங்க. இடியப்பப் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு ஆளுக்கு இடமிரிக்கு."

கிளிங் என்றாள். கூட்டம் பிரிந்தது. அம்புக்குறி காட்டின பக்கமாக, பிள்ளையாருக்கு இடப்பக்கமாக, அவள் முதலாவது சுற்றைத் தொடங்கினாள்.